பால் போதவில்லை என்று முடிவு செய்வதற்கு முன்

திருநெல்வேலிப் பக்கம் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தால், பார்க்க வருகிறவர்கள் ஆணா பெண்ணா என்று கேட்ட கையோடு கேட்கும் அடுத்த கேள்வி, "பாலு இருக்கா?" என்பதுதான். அக்கறையோடு கேட்கப்படும் கேள்விதான் அது. ஆனால் இரண்டு இரவு தூங்காமல், தையல் வலியோடு படுத்திருக்கும் பெண்ணின் காதில் விழும்போது, தன் உடம்பில் ஏதோ குறை இருக்கிறது என்ற பயமாக அது மாறிவிடுகிறது. அந்தப் பயத்தில் வாங்கப்படும் பால்பவுடர் டப்பாதான் பல வீடுகளில் தாய்ப்பால் குறையத் தொடங்குவதற்கே காரணமாகிறது. தாய்ப்பால் எப்படி உருவாகிறது என்பதை முதற்பிள்ளைக்காரிக்கு யாராவது முன்கூட்டியே விளக்கிச் சொல்லியிருந்தால் அந்தப் பயத்தில் பாதி வந்திருக்காது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

கர்ப்பத்தின் நடுப்பகுதியிலேயே மார்பில் சீம்பால் உருவாகத் தொடங்கிவிடுகிறது. பிரசவத்தின்போது நஞ்சுக்கொடி வெளியேறியதும், அதுவரை பால் சுரப்பை அடக்கி வைத்திருந்த புரோஜெஸ்டிரான் என்னும் ஹார்மோன் வேகமாகக் குறைகிறது. புரோலாக்டின் என்னும் ஹார்மோன் தன் வேலையைத் தொடங்குகிறது. இதன் பயனாக இரண்டாம் நாளிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மார்பு நிறைந்து பால் இறங்குகிறது. முதல் பிரசவம், அறுவைச் சிகிச்சை, நீரிழிவு, அதிக இரத்தப்போக்கு ஆகியவை இருந்தால் இது ஓரிரு நாள் தாமதமாகலாம். இதன் பிறகு எவ்வளவு பால் சுரக்கும் என்பதைப் பெருமளவு தீர்மானிப்பது மார்பிலிருந்து எவ்வளவு பால் வெளியே எடுக்கப்படுகிறது என்பதுதான். இறைக்க இறைக்கத்தான் கிணறு ஊறும் என்பது இங்கே சொல்லுக்குச் சொல் பொருந்தும்: பால் தங்கி நிற்கும் மார்பு, இனிச் சுரக்க வேண்டாம் என்று தானே தன்னைக் கட்டுப்படுத்திக்கொள்கிறது. குழந்தைக்கு ஒரு வேளை பவுடர்பால் கொடுத்துவிட்டு அந்த நேரத்தில் மார்பைக் காலியாக்காமல் விட்டால், உடம்பு அந்த ஒரு வேளைப் பாலைத் தேவையில்லாததாகக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. இப்படி இரண்டு வாரம் நடந்தால், முதலில் வெறும் பயமாக இருந்த பற்றாக்குறை உண்மையாகவே வந்துவிடும்.

பாலை வெளியே தள்ளுவது ஆக்ஸிடோசின் என்னும் வேறொரு ஹார்மோன். குழந்தை சப்பும்போது மட்டுமல்லாமல், பக்கத்து அறையில் அது அழும் சத்தம் கேட்டாலே சில தாய்மார்களுக்குச் சட்டை நனைவது இதனால்தான். வலி, கூச்சம், கவலை, அறை நிறைய ஆட்கள் ஆகியவை இந்த ஹார்மோனைத் தற்காலிகமாகத் தடுக்கும். அப்போது மார்பில் பால் இருந்தும் வெளியே வராது. பிள்ளை பார்க்க வருகிறவர்களை முதல் சில நாட்கள் வெளித் திண்ணையிலேயே உட்கார வைத்துக் காப்பி கொடுத்து அனுப்புவது, வீட்டார் அந்தத் தாய்க்குச் செய்யக்கூடிய பெரிய உதவி.

முதல் மூன்று நாட்கள்

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போட வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் நூற்றுக்கு ஏறக்குறைய 45 பிரசவங்கள் அறுவைச் சிகிச்சை மூலம் நடப்பதால், இந்த முதல் மணி நேரம் பலருக்குத் தவறிவிடுகிறது. முதுகில் ஊசி போட்டுச் செய்யப்படும் அறுவையில் தாய் விழித்தேதான் இருக்கிறாள். செவிலியர் ஒருவர் பிடித்துக்கொண்டால் அவளால் பாலூட்ட முடியும். இதைப் பிரசவத்துக்கு முன்பே மருத்துவரிடம் கேட்டு வைப்பது நல்லது. வீட்டுக்கு வந்த பிறகு, ஒருக்களித்துப் படுத்த நிலையிலோ, குழந்தையின் கால்கள் தாயின் முதுகுப் பக்கம் நீளும்படி கையிடுக்கில் அணைத்த நிலையிலோ பாலூட்டினால் தையலில் பாரம் விழாது.

சீம்பால் சில துளிகளே வருவதைப் பார்த்துப் பலர் கலங்குகிறார்கள். பிறந்த முதல் நாளில் குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லி லிட்டர், அதாவது ஒரு தேக்கரண்டிக்குச் சற்று மேல், அதற்குப் போதும். இந்த நாட்களில் சேனை தொடுவது என்ற பெயரில் சர்க்கரைத் தண்ணீரோ தேனோ கழுதைப்பாலோ கொடுக்கும் வழக்கம் நம் பக்கம் இன்னும் முழுதாக மறையவில்லை. தேனில் பொட்டுலிசம் என்னும் கடும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கக்கூடும் என்பதால் ஒரு வயது வரை தேன் கூடவே கூடாது. மற்ற இரண்டும் குழந்தையின் பசியை அடக்கி, அது மார்பில் சப்ப வேண்டிய நேரத்தைப் பறிக்கின்றன; கழுதைப்பாலைக் காய்ச்சாமல் கொடுப்பதால் தொற்றும் வரலாம். உறவினர் மனம் நோகாமல் சடங்கை முடிக்க வேண்டுமென்றால், மூத்தவரின் விரலில் ஒரு துளி சீம்பாலைத் தொட்டுக் குழந்தையின் உதட்டில் வைக்கச் சொல்லலாம். விரலைச் சோப்புப் போட்டுக் கழுவியிருந்தால் போதும்.

வாயில் மார்பு பொருந்துவது

பாலூட்டும்போது வரும் சிக்கல்களில் பெரும்பாலானவற்றுக்கு வேர் இந்த ஒரு இடத்தில் இருக்கிறது. அதனால் இதைச் சற்று விரிவாகச் சொல்கிறேன். குழந்தை காம்பை மட்டும் வாயில் வைத்துக்கொண்டால் பாலும் சரியாக வராது, காம்பும் புண்ணாகும். காம்பைச் சுற்றியுள்ள கருவட்டத்தின் பெரும்பகுதி, குறிப்பாகக் கீழ்ப்பகுதி, குழந்தையின் வாய்க்குள் போக வேண்டும்.

முதலில் குழந்தையின் தலை, கழுத்து, இடுப்பு மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருக்கும்படியும், அதன் வயிறு தாயின் வயிற்றோடு ஒட்டியிருக்கும்படியும் அணைத்துக்கொள்ள வேண்டும். தலையை மட்டும் திருப்பிக்கொண்டு நம்மால் ஒரு மடக்குத் தண்ணீர்கூடச் சிரமமில்லாமல் விழுங்க முடியாது, குழந்தைக்கும் அப்படியே. காம்பு அதன் மூக்குக்கு நேராக இருக்கட்டும். மேலுதட்டில் காம்பால் மெல்ல வருடினால் அது கொட்டாவி விடுவதைப்போல வாயை அகலத் திறக்கும். அந்த நொடியில் தாய் முன்னால் குனியாமல், குழந்தையைத் தன்னை நோக்கிச் சட்டென்று அணைக்க வேண்டும். சரியாகப் பொருந்தியிருந்தால் மோவாய் மார்பில் அழுந்தியிருக்கும், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும், கன்னம் குழி விழாமல் உருண்டிருக்கும், மேலுதட்டுக்கு மேலே தெரியும் கருவட்டம் கீழே தெரிவதைவிட அதிகமாக இருக்கும். முதலில் வேகவேகமாகச் சப்பும் குழந்தை, பால் இறங்கியதும் நிதானமாக, தாடை காது வரை அசையும்படி ஆழமாக இழுத்து, இடையிடையே நிறுத்தி விழுங்கும். அந்த விழுங்கும் ஓசையைக் காது கொடுத்துக் கேட்கப் பழகிக்கொண்ட தாய்க்குக் குழந்தை குடிக்கிறதா, சும்மா சப்பிக்கொண்டிருக்கிறதா என்பதை வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

முதல் சில நொடிகள் சுருக்கென்று இருப்பது தொடக்க நாட்களில் இயல்பு. ஊட்டி முடிக்கும் வரை வலித்தாலோ, வெளியே வரும் காம்பு ஒரு பக்கம் சப்பையாக நசுங்கியிருந்தாலோ, பொருத்தம் சரியில்லை. அப்படியே பல்லைக் கடித்துக்கொண்டு தொடரக் கூடாது. சுண்டுவிரலைக் குழந்தையின் கடைவாயில் நுழைத்துப் பிடியை விடுவித்து மீண்டும் பொருத்த வேண்டும். வெடித்த காம்பில் கடைசியாக வரும் பாலையே இரண்டு துளி தடவிக் காற்றாட விடலாம். ஒவ்வொரு வேளைக்கும் சோப்புப் போட்டுக் காம்பைக் கழுவுவது அதன் இயற்கையான எண்ணெய்ப்பசையைப் போக்கி வெடிப்பை அதிகமாக்கும். காம்பு தட்டையாகவோ உள்ளிழுத்தோ இருந்தாலும் குழந்தை சப்புவது மார்பைத்தான் என்பதால், பெரும்பாலும் பொறுமையாகப் பழக்கினால் சரியாகிவிடும். பொருத்தமெல்லாம் சரியாக இருந்தும் வலி தீரவில்லை என்றால், நாக்கின் அடிச்சவ்வு குட்டையாக இருக்கிறதா, குழந்தையின் வாயில் வெண்புண் இருக்கிறதா என்று மருத்துவர் பார்க்க வேண்டும்.

பால் போதுகிறதா

அழுகையை வைத்து இதை அளக்க முடியாது. குழந்தை பசிக்கும் அழும், வெப்பத்துக்கும் அழும், தூக்கி வைத்துக்கொள்ளவும் அழும். பிறந்த குழந்தை ஒரு நாளில் 8 முதல் 12 முறை பால் குடிப்பது இயல்பு. மாலை நேரத்தில் அரைமணிக்கு ஒரு தடவை கேட்பதும், மூன்றாம் வாரம், ஆறாம் வாரம் போன்ற வளர்ச்சிக் காலங்களில் திடீரென்று ஓயாமல் கேட்பதும் சுரப்பைக் கூட்டிக்கொள்ளக் குழந்தை கையாளும் வழி. "பிள்ளை அழுதுகிட்டே கிடக்கு, ஒனக்குப் பாலு பத்தலட்டீ" என்று ஆச்சி சொல்லும் அந்த மாலை வேளையில்தான் பொதுவாகப் புட்டி வீட்டுக்குள் நுழைகிறது. மார்பு மெத்தென்று ஆகிவிட்டது, இப்போதெல்லாம் பால் சொட்டுவதில்லை என்பவையும் குறையின் அறிகுறிகள் அல்ல. ஒரு மாதத்துக்கு மேல் சுரப்பு தேவைக்கேற்ப அமைந்துவிட்டது என்பதே அதன் பொருள்.

நம்பத்தக்க அளவுகோல்கள் இரண்டு: சிறுநீரும் எடையும். ஐந்தாம் நாளுக்குப் பிறகு 24 மணி நேரத்தில் ஆறு முறையாவது வெளிர்நிறச் சிறுநீர் போக வேண்டும்; கறுப்பாக இருந்த மலம் அதற்குள் மஞ்சளாக மாறியிருக்க வேண்டும். பிறந்த எடையில் நூற்றுக்கு ஏழு பங்கு வரை முதல் நாட்களில் குறைவது சாதாரணம். பத்துப் பங்கை நெருங்கினால் மருத்துவர் பார்க்க வேண்டும். இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடை திரும்பிவிட வேண்டும். அங்கன்வாடியிலோ ஆரம்ப சுகாதார நிலையத்திலோ எடை பார்த்து அட்டையில் குறித்துக்கொண்டு வந்தால், வீட்டில் எழும் வாக்குவாதங்களுக்கு அந்த அட்டையே பதில் சொல்லும்.

உண்மையாகவே சுரப்பு குறைந்தவர்களும் உண்டு. கருப்பையில் நஞ்சுக்கொடித் துண்டு தங்கியிருத்தல், பெரும் இரத்தப்போக்கு, தைராய்டு குறைபாடு, மார்பில் முன்பு நடந்த அறுவை, சில மருந்துகள் ஆகியவை காரணமாகலாம். அவர்களுக்கு மருத்துவரின் மேற்பார்வையில் பவுடர்பால் சேர்த்துக் கொடுப்பது அவசியமானது, அதில் எந்தக் குற்றமும் இல்லை. அந்தத் தாயிடம் யாரும் ஒரு வார்த்தை குறைவாகப் பேசக் கூடாது.

உளுந்தங்களி, பூண்டு, சுறாப்புட்டு, உடன்குடிக் கருப்பட்டி போட்ட பிரசவ மருந்து ஆகியவற்றைப் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். பாலூட்டும் முதல் ஆறு மாதங்களில் தாய்க்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 600 கலோரி கூடுதலாகத் தேவை என்பதால் இந்த உணவுகள் அவள் உடம்பைத் தேற்ற நல்லவை. குழந்தை குடிக்காமல் இவை மட்டும் பாலைப் பெருக்கிவிடாது. ஆனால் பச்சை உடம்பு, வயிறு போட்டுவிடும் என்று சொல்லித் தாய்க்குத் தண்ணீரை அளந்து கொடுக்கும் பழக்கத்தை அறவே விட வேண்டும். நம் ஊர் சித்திரை வெயிலில் அது அவளுக்குச் சிறுநீர்த் தொற்றையும் மலச்சிக்கலையும் தலைசுற்றலையும் கொடுக்கும். தாகம் எடுக்கும்போதெல்லாம் அவள் குடிக்கட்டும். குழந்தைக்கோ ஆறு மாதம் வரை, அக்கினி நட்சத்திரத்திலும்கூட, தனியாகத் தண்ணீர் வேண்டியதில்லை; தாய்ப்பாலில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேல் தண்ணீர்தான்.

பால் கட்டுதல்

பால் இறங்கும் நாட்களில் மார்பு கல்லைப்போல இறுகி, தோல் பளபளத்து, கருவட்டமும் விறைத்துக் குழந்தையால் பிடிக்க முடியாமல் போகும். ஊட்டுவதற்குச் சற்று முன் வெதுவெதுப்பான துணியை ஓரிரு நிமிடம் வைத்து, கருவட்டத்தைச் சுற்றி விரல்களால் உள்நோக்கி அழுத்திக் கொஞ்சம் பாலைப் பீய்ச்சி இளக்கினால் குழந்தை பிடித்துக்கொள்ளும். ஊட்டிய பிறகு குளிர்ந்த ஒத்தடம் வீக்கத்தைக் குறைக்கும். மல்லிகைப்பூவை வைத்துக் கட்டுவது பாலை வற்றச் செய்வதற்கான பழைய வழி; அதை ஆராய்ந்த மருத்துவர்களும் சுரப்பு குறைவதைக் கண்டிருக்கிறார்கள். ஆகவே தொடர்ந்து பாலூட்ட விரும்புகிறவர்கள் அதைச் செய்யக் கூடாது.

ஒரு பக்கம் மட்டும் சிவந்து, கட்டியாகி, குளிரும் காய்ச்சலும் உடம்பு வலியும் வந்தால் அது மார்பக அழற்சி. கட்டியை எண்ணெய் விட்டு அழுத்தித் தேய்த்துக் கரைப்பது நம்மிடம் வழக்கம். மருத்துவர்களும் முன்பு அப்படிச் சொன்னதுண்டு. அகாடமி ஆஃப் பிரெஸ்ட்ஃபீடிங் மெடிசின் என்னும் மருத்துவர் அமைப்பு 2022இல் வெளியிட்ட வழிகாட்டுதல், அழுத்தித் தேய்ப்பதும் மார்பைக் காலியாக்குகிறேன் என்று மேலும் மேலும் பம்ப் செய்வதும் உள்வீக்கத்தை அதிகமாக்கும் என்று விளக்குகிறது. குழந்தை கேட்கும் அளவுக்கு வழக்கம்போல ஊட்டி, குளிர் ஒத்தடம் வைத்து, ஓய்வெடுத்தால் போதும். அந்தப் பக்கத்துப் பால் குழந்தைக்குத் தீங்கு செய்யாது. 24 மணி நேரத்தில் குறையாவிட்டால் மருத்துவரிடம் போக வேண்டும். கவனிக்காமல் விட்டால் சீழ் கட்டி, கீறி எடுக்க வேண்டிய நிலை வரலாம்.

பம்ப், பாத்திரம், வேலைக்குப் போதல்

பாலைப் பீய்ச்சி எடுக்க முதலில் கற்க வேண்டியது கைமுறைதான். கையைக் கழுவி, கொதிநீரில் போட்டெடுத்த அகலமான எவர்சில்வர் கிண்ணத்தை மார்புக்குக் கீழே பிடித்து, கட்டைவிரலைக் கருவட்டத்துக்கு மேலும் ஆட்காட்டி விரலைக் கீழும் வைத்து, முதலில் நெஞ்சை நோக்கி அழுத்தி, பிறகு இரண்டு விரலையும் ஒன்றையொன்று நோக்கி அமுக்கி விட வேண்டும். தோலின் மேல் விரல் வழுக்கக் கூடாது. ஒரு நிமிடம் ஒன்றும் வராமல் இருந்து, பிறகு துளித்துளியாகி, பிறகு மெல்லிய தாரைகளாகக் கிண்ணத்தின் விளிம்பில் தெறிக்கும். மின்சாரம் போனாலும் கைகொடுப்பது இதுவே.

கருவி வாங்குகிறவர்கள் பெரும்பாலும் கவனிக்காதது மார்பில் வைக்கும் புனலின் அளவு. பல கருவிகளோடு 24 மில்லி மீட்டர் புனல்தான் வருகிறது. பல பெண்களுக்கு அது பெரியது. இயங்கும்போது காம்பு மட்டும் குழாய்க்குள் தடையில்லாமல் முன்னும் பின்னும் போக வேண்டும். கருவட்டமும் சேர்ந்து இழுபட்டால் புனல் பெரிது, காம்பு சுவரில் உராய்ந்து வெளுத்துப்போனால் சிறிது. இழுவிசையைக் கூட்டினால் பால் கூடும் என்பது தவறு. வலித்தால் ஆக்ஸிடோசின் அடங்கி, வருவதும் குறையும். முன்பு நன்றாக வந்துகொண்டிருந்த பால் திடீரென்று குறைந்தால், தன் உடம்பைச் சந்தேகிப்பதற்கு முன் கருவியிலுள்ள சிறிய ரப்பர் வால்வு கிழிந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நேரடியாகவும் ஊட்டிவரும் தாய்க்கு ஒரு தடவையில் இரண்டு மார்பிலும் சேர்த்து 15 முதல் 60 மில்லி வருவது இயல்பே. குழந்தை இழுப்பதைப்போல எந்தக் கருவியாலும் இழுக்க முடியாது என்பதால், புட்டியில் தெரியும் அளவை மார்பில் இருக்கும் அளவாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

பீய்ச்சிய பால் 25 டிகிரி வரையுள்ள அறையில் நான்கு மணி நேரம் தாங்கும் என்பது பொதுவான கணக்கு. பாளையங்கோட்டையிலும் அம்பாசமுத்திரத்திலும் ஆண்டின் பெரும்பகுதி அறை வெப்பம் அதைத் தாண்டிவிடுவதால், அந்தக் கணக்கை இங்கே நம்பாமல், எடுத்தவுடன் குளிர்ப்பெட்டியில் வைப்பதே சரி. கதவுப் பக்கம் வைக்காமல் உள்ளே பின்புறம் வைத்தால் நான்கு நாள் இருக்கும். உறைநிலையில் ஆறு மாதம் வரை வைக்கலாம். ஐஸ் பை வைத்த தெர்மாகோல் அல்லது வெப்பம் புகாத பெட்டியில் 24 மணி நேரம் வரை தாங்கும் என்பதால் வேலைக்குப் போகிறவர்களுக்கும் மின்வெட்டு நேரத்துக்கும் அது உதவும். அடுப்பில் நேரே வைத்தோ மைக்ரோவேவிலோ சூடாக்கக் கூடாது. வெதுவெதுப்பான தண்ணீரில் கிண்ணத்தை வைத்தால் போதும். குழந்தை குடித்து மீந்ததை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கக் கூடாது, உருகியதை மறுபடி உறையவைக்கவும் கூடாது. ஊட்டுவதற்கு நம் வீடுகளில் இருக்கும் பாலாடைச் சங்கு புட்டியைவிட நல்லது: கழுவுவது எளிது, குழந்தைக்கு ரப்பர் காம்பின் பழக்கமும் வராது. குழந்தையை நிமிர்த்திப் பிடித்து, உதட்டோரத்தில் சங்கை வைத்து, அது விழுங்க விழுங்கச் சிறிது சிறிதாகச் சாய்க்க வேண்டும்.

நெல்லை, தென்காசி மாவட்டங்களில் முக்கூடல், ஆலங்குளம், கடையம் வட்டாரத்துப் பெண்கள் பலர் வீட்டிலிருந்தே பீடி சுற்றுகிறார்கள். வீட்டில்தானே இருக்கிறோம் என்று மடியில் தட்டும் பக்கத்தில் தொட்டிலுமாக அவர்கள் வேலை செய்வதைப் பற்றித் தனியாகச் சொல்லியாக வேண்டும். புகையிலைத் தூளிலுள்ள நிக்கோட்டின் தோல் வழியாகவும் உடம்பில் ஏறும், பாலிலும் கலக்கும். அதற்காகப் பாலூட்டுவதை நிறுத்தக் கூடாது. தாய்ப்பாலின் நன்மை அப்போதும் பெரிது. தட்டைக் குழந்தை இருக்கும் அறையில் வைக்காமல், ஒவ்வொரு முறையும் சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவி, தூள் படிந்த மேல்துணியை மாற்றிய பிறகு குழந்தையைத் தொட வேண்டும். ஒரு கட்டு முடியட்டும் என்று பாலூட்டும் நேரத்தைத் தள்ளிப்போடுவதால் பால் கட்டுவது இவர்களிடம் சகஜம்; வீட்டிலுள்ள மற்றவர்கள் நேரத்தை நினைவுபடுத்த வேண்டும்.

கடைகளிலும் அலுவலகங்களிலும் வேலை பார்க்கிறவர்களுக்குச் சட்டத்தின் துணை இருக்கிறது. 1961ஆம் ஆண்டின் மகப்பேறு நலச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பழைய சட்டத்தின் 2017 திருத்தம் தந்ததைப்போலவே, தகுதியுள்ளவர்களுக்கு முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரச் சம்பளத்துடன் கூடிய விடுப்பு தருகிறது. வேலைக்குத் திரும்பிய பிறகு குழந்தைக்கு 15 மாதம் ஆகும் வரை, வழக்கமான ஓய்வு நேரம் போக, நாளொன்றுக்கு இரண்டு முறை பாலூட்டும் இடைவேளையும் தருகிறது. அந்த இடைவேளையைப் பால் பீய்ச்சவும் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று நிர்வாகத்திடம் முன்கூட்டியே பேசி வைக்க வேண்டும். பயணம் போகிறவர்களுக்குத் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் 2015இல் தாய்மார்கள் பாலூட்டும் அறைகள் திறக்கப்பட்டன. பூட்டிக் கிடந்தால் நேரக்காப்பாளரிடம் திறக்கச் சொல்லிக் கேட்கத் தயங்க வேண்டாம்.

குழந்தை எழுப்பியும் எழாமல் தூங்கி வழிந்தாலோ, எட்டு மணி நேரமாகச் சிறுநீர் போகாவிட்டாலோ, மஞ்சள் நிறம் வயிறு, கால் வரை இறங்கினாலோ, காய்ச்சல் வந்தாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் மருத்துவமனைக்குத் தூக்கிச் செல்ல வேண்டும். இரண்டு வாரத்துக்கு மேலும் தாய் ஓயாமல் அழுதாலோ, குழந்தையைப் பார்க்கவே பிடிக்கவில்லை என்றாலோ, அதுவும் மருத்துவம் பார்க்க வேண்டிய நோய்தான். எங்கே போவது என்று தெரியாத இரவில், தமிழ்நாடு அரசின் 104 என்ற மருத்துவ உதவி எண்ணை அழைத்துக் கேட்கலாம்.